கொழும்பில் ஸ்கேன், எக்ஸ்ரே, எம்ஆர்ஐ: பக்கத்திலேயே எடுக்கலாமா, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டுமா? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெள்ளவத்தையில் காலி வீதியில் இறங்கினால் நடந்துபோகும் தூரத்துக்குள்ளேயே எக்ஸ்ரேயும் ஸ்கேனும் எடுக்கிற இடங்கள் இருக்கின்றன. கொட்டாஞ்சேனையிலும் வத்தளையிலும் அப்படித்தான். இன்னொரு பக்கம் பொரளை, நாரஹேன்பிட்டி, களுபோவில என்று பெரிய ஆஸ்பத்திரிகள். டொக்டர் துண்டு எழுதித் தந்ததும் எங்கே போவது என்று வீட்டில் ஆளுக்கொரு கருத்து சொல்வார்கள். அந்த நேரத்தில் எழும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. உங்கள் டொக்டரின் சொல்லுக்கு இவை மாற்றீடு அல்ல, அவரிடம் என்ன கேட்கலாம் என்று தெரிந்துகொள்ள உதவும்.

டொக்டர் ஸ்கேன் எடுக்கச் சொல்லிவிட்டார். இடத்தை எப்படி முடிவு செய்வது?

துண்டை வாங்கியதும் எழுந்து வந்துவிடாமல் டொக்டரிடம் இரண்டு விஷயம் கேளுங்கள். “இந்தப் படத்தில் என்ன தேடுகிறீர்கள்?” “அது இருந்தால் அடுத்து யார் வைத்தியம் பார்ப்பார்?” இந்த இரண்டுக்கும் பதில் கிடைத்தால் இடம் அநேகமாகத் தானாகவே தெரிந்துவிடும்.

கை எலும்பு முறிந்திருக்கிறதா என்பது நேரான கேள்வி. அதற்கு எந்த ஒழுங்கான எக்ஸ்ரே அறையும் போதும். ஈரலில் தெரிகிற கட்டி என்ன வகை, அதை வெட்டி எடுக்கமுடியுமா என்பது வேறு மாதிரியான கேள்வி. அங்கே படத்தை எப்படி எடுப்பது, எந்த நேரத்தில் மருந்து ஏற்றுவது, யார் வாசிப்பது என்பதெல்லாம் முக்கியம். வைத்தியம் பார்க்கப்போகிற குழு இருக்கிற இடத்திலேயே எடுத்தால் இரண்டாம் தடவை எடுக்கிற வேலை பெரும்பாலும் இல்லை.

கட்டடத்தின் பளபளப்பை வைத்து முடிவு செய்யாதீர்கள். மாபிள் தரையும் வரவேற்பறைக் கோப்பியும் படத்தைத் தெளிவாக்குவதில்லை.

அப்படியானால் எவற்றைப் பக்கத்திலேயே எடுக்கலாம்?

நெஞ்சு எக்ஸ்ரே, கை கால் எக்ஸ்ரே, பித்தப்பைக் கல் அல்லது சிறுநீரகக் கல் பார்க்கிற சாதாரண வயிற்று அல்ட்ராசவுண்ட், தைரொய்ட் ஸ்கேன், எலும்பின் அடர்த்தி பார்க்கிற டெக்சா பரிசோதனை. இவற்றுக்காக நகரத்தின் மறுபக்கம் போய் ஓட்டோவுக்குக் காசு கொடுக்கத் தேவையில்லை. டெக்சாவைப் பொறுத்தவரை ஒன்று: அடுத்த முறையும் அதே இடத்தில், அதே மெஷினில் எடுங்கள். இரண்டு வேறு மெஷின்களின் எண்களை ஒப்பிட்டு எலும்பு தேய்ந்ததா என்று சொல்வது கடினம்.

அல்ட்ராசவுண்ட் எல்லா இடத்திலும் ஒன்றுதானே?

இல்லை. எக்ஸ்ரேயோ சிடி (CT) ஸ்கேனோ என்றால் ரேடியோகிராபர் படத்தை எடுப்பார், ரேடியோலஜிஸ்ட் என்கிற நிபுணர் பிறகு அதை வாசிப்பார். வாசிப்பில் சந்தேகம் வந்தால் அதே படத்தை இன்னொருவரிடம் காட்டலாம். அல்ட்ராசவுண்டில் கருவியைப் பிடித்திருப்பவர் அந்த நிமிடம் பார்ப்பதுதான் பெரும்பாலும் முடிவு. அவர் பார்க்காமல் விட்ட இடத்தைப் பிரிண்ட் பண்ணித் தருகிற நாலு படத்தில் யாராலும் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. ஆகவே இங்கே இடத்தைவிட ஆள்தான் முக்கியம். புக் பண்ணும்போது “யார் பார்ப்பார், ரேடியோலஜிஸ்டா?” என்று கேளுங்கள். அப்படிக் கேட்பது மரியாதைக்குறைவு இல்லை.

ஆயத்தமும் முடிவைப் பாதிக்கும். மேல் வயிற்று ஸ்கேனுக்கு வழமையாக ஆறு மணித்தியாலம் சாப்பிடாமல் இருக்கச் சொல்வார்கள். சாப்பிட்டுவிட்டுப் போனால் பித்தப்பை சுருங்கிவிடும், உள்ளே கல் இருந்தாலும் சரியாகத் தெரியாது. அடிவயிற்றுக்கு மாறாக, சிறுநீர்ப்பை நிறைந்திருக்கவேண்டும். காலையில் ஒரு பிளேன்டியாவது குடிக்கலாமா என்று கேட்பவர்கள் நிறையப்பேர். புக் பண்ணும் இடத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள், பாலும் சீனியும் போட்டது நிச்சயமாக வேண்டாம்.

சிடியா எம்ஆர்ஐயா என்பதை நானே தெரிவு செய்யலாமா?

வேண்டாம், அது டொக்டரின் வேலை. இவ்வளவு தெரிந்திருந்தால் போதும்: சிடி கதிர்வீச்சைப் பயன்படுத்துகிறது, சில நிமிடங்களில் முடிந்துவிடும். மூளையில் இரத்தக்கசிவு, நெஞ்சு, எலும்பு முறிவு போன்றவற்றை விரைவாகக் காட்டும். எம்ஆர்ஐயில் அந்தக் கதிர்வீச்சு கிடையாது, காந்தமும் ரேடியோ அலைகளும்தான். இருபது நிமிடத்திலிருந்து முக்கால் மணித்தியாலம்வரை அசையாமல் படுக்கவேண்டும். முதுகுத்தண்டு, மூட்டு, மூளை போன்ற மென்மையான திசுக்களுக்கு நல்லது.

கதிர்வீச்சு பற்றிய பயத்துக்கு ஒரு அளவு சொல்லலாம். நெஞ்சு எக்ஸ்ரே ஒன்றில் 0.1 மில்லிசீவர்ட் அல்லது அதற்கும் குறைவு. வயிற்று சிடி ஒன்றில் ஏறத்தாழ 8 முதல் 10 மில்லிசீவர்ட். இயற்கையிலிருந்து ஒருவருக்கு வருடத்தில் கிடைப்பது உலகச் சராசரியாக 2.4. ஆகவே நெஞ்சு எக்ஸ்ரேக்குப் பயந்து இருமலை இழுத்துக்கொண்டு திரிவதில் அர்த்தமில்லை. அதே நேரம் போன மாதம் எடுத்த சிடி கையில் இருக்கும்போது ‘எதற்கும் இன்னொன்று’ என்று எடுப்பதிலும் அர்த்தமில்லை.

3 டெஸ்லா எம்ஆர்ஐ என்று விளம்பரம் போடுகிறார்களே, அங்கேதான் போகவேண்டுமா?

டெஸ்லா என்பது காந்தத்தின் பலம். பெரும்பாலான முதுகு, முழங்கால், தலை ஸ்கேன்களுக்கு 1.5 டெஸ்லா தாராளமாகப் போதும். வலிப்புக்கு மூளையில் சிறு வடுத் தேடுவது போன்ற நுட்பமான வேலைகளில் 3 டெஸ்லா உதவும். உடலுக்குள் உலோகம் வைத்திருப்பவர்களுக்கு 1.5 தான் பொருத்தமாக இருப்பதும் உண்டு. உங்கள் நரம்பியல் நிபுணர் குறிப்பாக 3 டெஸ்லா என்று எழுதியிருந்தால் அதைத் தேடிப் போங்கள். எழுதாவிட்டால் விளம்பரத்தை விளம்பரமாகப் பாருங்கள்.

உடம்பில் செல் பீஸ் (குண்டுச் சிதறல்) இருக்கிறது. எம்ஆர்ஐ எடுக்கலாமா?

வடக்கு கிழக்கிலிருந்து வருபவர்களுக்கு இது மிக முக்கியமான கேள்வி, ஆனால் கவுன்டரில் யாரும் கேட்கமாட்டார்கள். எம்ஆர்ஐக்கு முன் தருகிற படிவத்தில் ‘உடலில் உலோகத் துண்டுகள் உண்டா’ என்ற வரி இருக்கும். படிவம் ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ இருந்தால் கூட வந்தவர் அவசரத்தில் எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ என்று கோடு போட்டுவிடுவார். முப்பது வருடத்துக்கு முந்திய காயத்தை அவர் அறிந்திருக்கவும் மாட்டார்.

செல் சிதறல்கள் பெரும்பாலும் இரும்பு. வலிமையான காந்தத்துக்குள் போகும்போது அவை இழுபடலாம், சூடாகலாம். தொடைச் சதையில் பல வருடமாகப் பதிந்து கிடக்கிற துண்டு பெரும்பாலும் பெரிய பிரச்சினை தராது. கண்ணுக்குள், மூளையில், முதுகுத்தண்டுக்கு அருகில், பெரிய இரத்தக்குழாய் பக்கத்தில் இருக்கிற துண்டு ஆபத்தானது. எது எங்கே இருக்கிறது என்பதை முதலில் ஒரு எக்ஸ்ரே அல்லது சிடி எடுத்துப் பார்த்து, ரேடியோலஜிஸ்ட்தான் முடிவு சொல்லவேண்டும். எனவே இப்படியானவர்கள் எம்ஆர்ஐயை, ரேடியோலஜிஸ்ட் அங்கேயே இருக்கிற ஆஸ்பத்திரியில் எடுப்பது நல்லது. எம்ஆர்ஐ முடியாது என்றால் சிடியில் பார்க்க வழி இருக்கிறதா என்று அவரே யோசிப்பார்.

காயம் எப்படி வந்தது என்று கொழும்பில் சொல்லத் தயங்குபவர்கள் இருக்கிறார்கள், அந்தத் தயக்கம் விளங்குகிறது. கதையை யாருக்கும் சொல்லத் தேவையில்லை. “உடம்பில் இரும்புத் துண்டு இருக்கிறது, இந்த இடத்தில்” என்று ரேடியோகிராபரிடம் தனியாகச் சொன்னால் போதும். பேஸ்மேக்கர், மூளை இரத்தக்குழாயில் போட்ட கிளிப், காதுக்குள் வைத்த கருவி, வெல்டிங் வேலையில் கண்ணில் தெறித்த துகள் எல்லாவற்றுக்கும் இதே விதிதான். தமிழும் இந்நாட்டின் அரச கரும மொழி. விளங்காத படிவத்தில் கையெழுத்துப் போடாமல், தமிழில் வாசித்துச் சொல்லும்படி கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

‘கொன்ட்ராஸ்ட்’ போடவேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள். அதைச் சின்ன நிலையத்தில் செய்யலாமா?

நரம்பில் ஏற்றுகிற மருந்து அது. சிடிக்கு அயடீன் கலந்தது, எம்ஆர்ஐக்கு கடோலினியம் கலந்தது. பெரும்பாலானவர்களுக்கு உடம்பு சற்றுச் சூடாவதோடு முடிந்துவிடும். அரிதாகக் கடுமையான ஒவ்வாமை வரும். அது வந்தால் நிமிடங்களுக்குள் டொக்டர் வேண்டும், அட்ரினலின் ஊசி வேண்டும், ஒட்சிசன் வேண்டும். ஆகவே “கொன்ட்ராஸ்ட் போடும்போது டொக்டர் ஒருவர் உள்ளே இருப்பாரா?” என்று கேளுங்கள். பதில் இழுபட்டால் ஆஸ்பத்திரிக்கே போங்கள்.

முன்கூட்டியே கிரியேட்டினின் இரத்தப் பரிசோதனை கேட்பார்கள், சிறுநீரகம் வேலை செய்கிற அளவை அறிவதற்காக. சீனி வருத்தத்துக்கு மெட்ஃபோமின் குடிப்பவர்கள் அதைச் சொல்லவேண்டும். சிறுநீரகம் பலவீனமாக இருந்தால் இரண்டு நாளுக்கு அதை நிறுத்தச் சொல்வார்கள். அப்புறம் ஒரு பழைய நம்பிக்கை: இறால், நண்டு ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இந்த மருந்து கூடவே கூடாது என்பது. கடலுணவு ஒவ்வாமைக்கும் அயடீனுக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. முன்பு கொன்ட்ராஸ்ட் போட்டு ஏதாவது நடந்திருந்தால் அதைத்தான் கட்டாயம் சொல்லவேண்டும்.

பிள்ளைக்கு எடுக்கவேண்டும்.

எக்ஸ்ரேயும் அல்ட்ராசவுண்டும் பக்கத்தில் பரவாயில்லை. சிடி, எம்ஆர்ஐ என்றால் பிள்ளைகளுக்கு எடுத்துப் பழகிய இடத்தைத் தேடுங்கள். பொரளையில் லேடி ரிஜ்வே சிறுவர் வைத்தியசாலை இருப்பது அதற்காகத்தான். சிறுபிள்ளையின் உடலில் கதிர்வீச்சின் தாக்கம் அதிகம், ஆகவே சிடியின் அளவை உடம்புக்கு ஏற்பக் குறைக்கத் தெரிந்த கை வேண்டும். மூன்று வயதுப் பிள்ளை எம்ஆர்ஐக்குள் அசையாமல் படுக்காது. மயக்கம் கொடுக்கவேண்டி வரும், அதற்கு மயக்கமருந்து நிபுணரும் கண்காணிப்புக் கருவிகளும் வேண்டும். இவை இல்லாத இடத்தில் ‘கொஞ்சம் தூக்க மருந்து தருகிறோம்’ என்றால் மறுத்துவிடுங்கள்.

கர்ப்பகால ஸ்கேன்?

சாதாரணமாகக் குழந்தையின் துடிப்பும் வளர்ச்சியும் பார்ப்பதை உங்கள் விஓஜி (மகப்பேற்று நிபுணர்) தன் அறையிலேயே செய்துவிடுவார். இரண்டு ஸ்கேன்களுக்கு மட்டும் காலமும் ஆளும் முக்கியம். குழந்தையின் கழுத்துப் பின்புறத் தடிப்பைப் பார்க்கும் ஸ்கேன் 11 வாரத்திலிருந்து 13 வாரம் 6 நாளுக்குள் எடுக்கப்படவேண்டும். உறுப்புகளைச் சரிபார்க்கும் ஸ்கேன் 18 முதல் 22 வாரத்துக்குள். பின்னதற்கு நேரமெடுத்து இதயம், முதுகுத்தண்டு, முகம் என்று ஒவ்வொன்றாகப் பார்க்கிற அனுபவசாலி வேண்டும். அவரைச் சனல் பண்ண நாள் எடுக்கும், ஆகவே வாரத்தை எண்ணி முன்கூட்டியே நம்பர் எடுங்கள். சந்தேகமாக ஏதாவது தெரிந்தால் டி சொய்சா, காசல் வீதி போன்ற மகப்பேற்று ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்புவார்கள்.

மார்பில் கட்டி தட்டுப்படுகிறது. மமோகிராம் எடுத்துக்கொண்டு டொக்டரிடம் போகட்டுமா?

முதலில் டொக்டரிடம் போங்கள். கட்டி தெரிந்தால் கையால் பரிசோதிப்பது, படம் எடுப்பது, ஊசியால் திசு எடுப்பது என மூன்றும் சேர்ந்தால்தான் முடிவு. மமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) மட்டும் எடுத்து ‘ஒன்றுமில்லை’ என்று வந்தது என்பதற்காகக் கட்டியை விட்டுவிடக்கூடாது, சில கட்டிகள் அதில் தெரியாது. வயது நாற்பதுக்குக் கீழே என்றால் பெரும்பாலும் அல்ட்ராசவுண்டில்தான் தொடங்குவார்கள். எங்கே தொடங்குவது என்றே தெரியாதவர்களுக்கு நாரஹேன்பிட்டியில் அரசின் புற்றுநோய் ஆரம்பநிலைக் கண்டறிதல் நிலையம் இருக்கிறது, இலவசம். வெட்கத்தில் மாதக்கணக்காக மறைத்துவைப்பதைவிட ஒரு காலை அங்கே போய்வருவது சுலபம்.

புற்றுநோய் என்று சொல்லிவிட்டார்கள். இனி எங்கே?

இங்கே தயக்கமே வேண்டாம், வைத்தியம் பார்க்கும் இடத்திலேயே. மஹரகம அபேக்ஷா வைத்தியசாலை என்றால் அங்குள்ள டொக்டர்கள் எந்தப் படம், எந்த அளவில், எப்போது என்று தீர்மானிக்கட்டும். அங்கே போக 138 பஸ் போதும். புற்றுநோய் பரவியிருக்கிறதா என்று பார்க்கிற பெட் (PET) ஸ்கேன் விஷயத்தில் இடத்தெரிவு இயல்பாகவே குறுகிவிடும், ஏனென்றால் அதற்கு ஏற்றுகிற கதிரியக்க மருந்தின் பலம் 110 நிமிடத்தில் பாதியாகிவிடுகிறது. தயாரித்து அலுமாரியில் வைத்திருக்கிற சாமான் இல்லை அது. நாளும் நேரமும் தவறவிடக்கூடாது, பட்டினி விதியையும் கடைப்பிடிக்கவேண்டும், இல்லையென்றால் அந்த டோஸ் வீண்.

தொடர்ந்து எடுக்கும் ஸ்கேன்களை ஒரே இடத்தில் எடுங்கள். கட்டி 14 மில்லிமீற்றரா 17 மில்லிமீற்றரா என்று ஒப்பிடும்போது மெஷின் மாறினால், வாசிப்பவர் மாறினால் குழப்பம்தான்.

அரசாங்க ஆஸ்பத்திரியில் எம்ஆர்ஐக்கு நீண்ட திகதி கொடுத்திருக்கிறார்கள். வெளியே காசு கட்டி எடுத்துக் கிளினிக்கில் காட்டலாமா?

பலர் அப்படித்தான் செய்கிறார்கள், அது தவறும் இல்லை. முதலில் கிளினிக் டொக்டரிடமே “இந்தத் திகதிவரைக்கும் பொறுக்கலாமா?” என்று கேளுங்கள். ஆறு மாதமாக இருக்கும் முதுகு வலிக்கு இன்னும் சில வாரம் பொறுக்கலாம். கால் மரத்து சிறுநீர் கட்டுப்பாடு போகிறது என்றால் ஒரு நாளும் பொறுக்கக்கூடாது, உடனே வாட்டில் சேர்த்துவிடுவார்கள். பொறுக்கலாம் என்றால் காத்திருங்கள், அந்தக் காசு வைத்தியத்துக்குத் தேவைப்படலாம்.

வெளியே எடுப்பதென்று முடிவானால் கிளினிக் டொக்டர் எழுதிய துண்டையே கொண்டுபோங்கள். அதிலுள்ள நோய் விபரத்தைப் பார்த்துத்தான் வாசிப்பவர் எதைத் தேடுவது என்று தீர்மானிக்கிறார். வெறுமனே ‘எம்ஆர்ஐ முதுகு’ என்று எழுதிய துண்டுக்கு வெறுமையான ரிப்போர்ட்தான் வரும்.

அரசுக்கும் தனியாருக்கும் நடுவே ஒரு வழியும் இருக்கிறது. ஜப்பான் உதவியுடன் கட்டப்பட்டு 1984இல் திறக்கப்பட்ட ஸ்ரீ ஜயவர்தனபுர பொது வைத்தியசாலை கட்டணம் அறவிடுகிற அரச ஆஸ்பத்திரி. தனியாரில் விலை கேட்டு மலைப்பவர்கள் அங்கேயும் ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம்.

விலை கேட்கும்போது என்ன கேட்கவேண்டும்?

கொன்ட்ராஸ்ட் சேர்த்தா, ரேடியோலஜிஸ்டின் கட்டணம் சேர்த்தா, ஃபிலிமும் படத்தைப் பதிந்து தருகிற சிடி (CD) தட்டும் சேர்த்தா, ஆஸ்பத்திரிக் கட்டணம் தனியா, ரிப்போர்ட் எப்போது. தொலைபேசியில் ஒரு விலை, கவுன்டரில் இன்னொரு விலை என்று வருவது இந்த இடைவெளிகளில்தான். மெஷின் வேலை செய்கிறதா என்பதையும் புறப்படும் காலை ஒரு தடவை கேளுங்கள்.

சின்ன நிலையம் ஒழுங்கானதா என்று எப்படி அறிவது?

தனியார் மருத்துவ நிலையங்கள் 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி பதிவு செய்திருக்கவேண்டும். எக்ஸ்ரே, சிடி போன்ற கதிர்வீச்சுக் கருவி வைத்திருப்பவர்களுக்கு 2014ஆம் ஆண்டின் 40ஆம் இலக்க அணுசக்திச் சட்டத்தின் கீழ் ஒழுங்குபடுத்தல் பேரவையின் அனுமதிப்பத்திரமும் வேண்டும். சான்றிதழ் சுவரில் தொங்கவேண்டும், தொங்காவிட்டால் கேளுங்கள். ரிப்போர்ட்டில் டொக்டரின் பெயரும் கையெழுத்தும் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

திடீரென்று முகம் கோணி, கை விழுந்துவிட்டது. ஸ்கேன் எடுத்துக்கொண்டு போகலாமா?

கூடாது. இந்த நேரத்தில் ஸ்கேன் நிலையம் தேடுவது நேரத்தை எரிப்பது. பக்கவாதத்தில் இரத்தக்கட்டியைக் கரைக்கிற மருந்தை, அறிகுறி தொடங்கி நாலரை மணித்தியாலத்துக்குள் கொடுக்கவேண்டும். அதற்கு முன் இரத்தக்கசிவு இல்லை என்று சிடியில் உறுதிசெய்யவேண்டும். சிடியும் அந்த மருந்தும் அதைக் கொடுக்கிற ஆட்களும் ஒரே இடத்தில் இருக்கவேண்டும் என்பதே விஷயம். 1990க்கு அடியுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்பதைக் கடிகாரம் பார்த்துச் சொல்லத் தெரிந்திருங்கள், டொக்டர் முதலில் கேட்பது அதைத்தான். விபத்தில் தலையில் அடிபட்டாலும் இப்படித்தான். தேசிய வைத்தியசாலையின் விபத்துச் சேவைப் பிரிவு இரவு பகலாக இயங்குகிறது. தெஹிவளைப் பக்கத்தவர்களுக்குக் களுபோவில கிட்ட.

‘முழு உடல் ஸ்கேன் பெக்கேஜ்’ எடுத்துவைத்தால் நிம்மதிதானே?

நிம்மதி கிடைப்பது குறைவு. எந்த வருத்தமும் இல்லாதவரை ஸ்கேன் பண்ணினாலும் ஒரு சின்ன நீர்க்கட்டி, ஒரு புள்ளி என்று ஏதாவது தெரியும். அது தீங்கில்லாதது என்று உறுதிசெய்ய இன்னொரு ஸ்கேன், இன்னொரு சனல், இரண்டு மாதக் கவலை. வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் அம்மா அப்பாவுக்கு அன்பளிப்பாக இதைக் கட்டிவிடுகிறார்கள். அன்பு விளங்குகிறது, ஆனால் அந்தக் காசில் பிரஷரும் சீனியும் கண்ணும் ஒழுங்காகப் பார்ப்பது அதிகம் உதவும்.

யாழ்ப்பாணத்திலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ வருகிறோம். என்ன கொண்டுவரவேண்டும்?

முதலில், அங்கேயே எடுக்கமுடியாதா என்று உங்கள் டொக்டரிடம் கேட்டுவிட்டுப் புறப்படுங்கள். வருவதானால் பழைய ஃபிலிம், சிடி தட்டு, கிளினிக் கொப்பி, குடிக்கிற மருந்துகளின் பெயர், முன்பு செய்த சத்திரசிகிச்சை விபரம் எல்லாம் வேண்டும். ரிப்போர்ட் தாளை மட்டும் கொண்டுவருபவர்கள் அதிகம். நிபுணருக்கு வேண்டியது படம். கிரியேட்டினின் பரிசோதனையை ஊரிலேயே செய்துகொண்டு வந்தால் வெள்ளவத்தையில் சொந்தக்காரர் வீட்டில் இன்னொரு நாள் தங்கவேண்டியதில்லை. எம்ஆர்ஐ அறை குளிராக இருக்கும், வயதானவர்களுக்கு ஒரு சால்வை எடுத்துவாருங்கள், உலோக ஊசி குத்தாததாக.

ரிப்போர்ட்டில் சந்தேகம். வேறு இடத்தில் மறுபடி எடுக்கட்டுமா?

மறுபடி எடுக்கத் தேவையில்லை, மறுபடி வாசிக்கவைக்கலாம். படம் தெளிவாக இருந்தால் அதே சிடி தட்டை அந்த உறுப்பில் அனுபவமுள்ள இன்னொரு ரேடியோலஜிஸ்டிடம் காட்டுங்கள். இதற்குத்தான் எங்கே எடுத்தாலும் தட்டைக் கேட்டு வாங்கச் சொல்வது. வீட்டுக்குப் போனதும் கணினியில் போட்டு அது திறக்கிறதா என்று பாருங்கள், திறக்காவிட்டால் அந்த வாரமே திருப்பிக் கொண்டுபோய் வேறொன்று வாங்குங்கள்.